தட்டில் பெரிய பொட்டு

கடிதம் வந்தபோது எவாந்தியா ஐஸ் காபியின் நுரையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது. உறிஞ்சுகுழல் வாயிலேயே இருக்க, கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதைப் பதினோரு வருடத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதனால் படிப்பதற்கு முன்பே கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது.

ஜெர்மனியில் இருக்கும் நுண்ணுயிர்க் காப்பகத்திலிருந்து நாலே வரி. மரியாதைக்குக் குறைவில்லை. எல்-47 என்று எழுதி நீங்கள் அனுப்பிய குழாயைத் திறந்து வளர்த்துப் பார்த்தோம். நன்றாக உயிரோடு இருக்கிறது, கலப்படமில்லாமல் சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் இது புதிய இனம் இல்லை, எந்த ஊர்ச் சாக்கடையிலும் கிடைக்கிற பழைய பாக்டீரியா. தயவுசெய்து சரிபார்க்கவும்.

"குழாயை மாத்தி வச்சிட்டாங்க," என்றேன்.

அவள் குழலை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

எங்கள் வேலையை ஒருமுறை என் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கிரேக்க நாட்டின் தெஸ்ஸலோனிக்கி நகரில், பழைய கபானி சந்தையில் ஐம்பது வருடமாகப் பழக்கடை வைத்திருப்பவர். ஊரின் கழிவுநீர் கடலுக்குப் போகும் முன் பெரிய தொட்டிகளில் தங்குகிறது, அதைத் தின்று சுத்தம் செய்வது அங்கே பழுப்பாகச் சேரும் கசட்டில் இருக்கும் பாக்டீரியாக்கள், அவற்றில் பாதிக்கு மேல் யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை, ஒன்றைப் பிடித்து, தனியாக வளர்த்து, எதற்கு உறவு, எதைத் தின்னும், எந்தச் சூட்டில் சாகும் என்று பார்த்துப் பெயர் வைப்பதுதான் எங்கள் பிழைப்பு என்றேன். அப்பா ஒரு பீச் பழத்தைத் துடைத்து அடுக்கியபடியே, "சாக்கடைக்கு ஞானஸ்நானம் குடுக்கற வேலைன்னு சொல்லு," என்றார்.

அந்த ஞானஸ்நானத்துக்குச் சட்டம் உண்டு. பாக்டீரியா கூட்டாளி இல்லாமல் தனியாக வளர வேண்டும். உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு இடத்திலிருந்தும் 'வந்தது, வளர்கிறது' என்று சான்று வர வேண்டும். வராவிட்டால் நாம் வைத்த பெயர் பெயரே இல்லை. நாங்கள் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அனுப்பியிருந்தோம்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் உதவியாளன், எவாந்தியா ஆய்வாளர்; அவளுக்கு நாற்பத்தொரு வயது. எட்டு வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் ஒப்பந்தம் முடியும், ஒவ்வொரு ஜனவரியிலும் யாராவது கையெழுத்துப் போட்டு நீட்டுவார்கள். இந்த டிசம்பரோடு நீட்டவும் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலி. நவம்பர் இருபதாம் தேதி தேர்வுக் குழு உட்காருகிறது. ஏதென்ஸிலிருந்து ஒருவர் போட்டிக்கு நிற்கிறார். எவாந்தியாவின் கோப்பில் முதல் பக்கமே எல்-47 பற்றிய கட்டுரைதான். எங்கள் பேராசிரியர் மினாஸ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: அது இருந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

போதாக்குறைக்கு, செப்டம்பரில் குழாய்களை அனுப்பிய அன்றே அவள் மாடி முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் நல்லது நடந்தவர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். பாகு சொட்டும் ஒரு தாம்பாளம், பிஸ்தா தூவியது. முப்பது பேர் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு வாழ்த்தினார்கள்.

அரைமணி நேரம் கழித்து அவளுக்கு வாய் திறந்தது. திறந்ததும் ஜெர்மானியர்களை மூன்று தலைமுறைக்குத் திட்டினாள், பிறகு ஒரு காரமான பதில் அடிக்கத் தொடங்கினாள். நான் தடுத்தேன். எடை குறைவு என்று பொட்டலத்தோடு திரும்பி வருகிற ஆளிடம் என் அப்பா சத்தம் போடவே மாட்டார். முதலில் தராசில் வைப்பார். எடை சரியாக இருந்தால் அதற்கப்புறம் சத்தம் போடுவார், சந்தை முழுக்கக் கேட்கும்.

"நம்ம கையில இருக்கறதை ஒருதடவை படிச்சிடுவோம். அப்புறம் நானும் உன்கூடச் சேந்து திட்டறேன்," என்றேன்.

படிப்பது என்றால் டிஎன்ஏவைப் படிப்பது. மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் காலை முடிவு வந்தது. ஜெர்மானியர்கள் எதையும் மாற்றவில்லை. எங்கள் அலமாரியில் எல்-47 என்று பெயர் ஒட்டி, தங்கம்போல் நாங்கள் காத்துவந்த குழாயில் இருந்ததும் அதே சாக்கடைப் பழசுதான்.

எவாந்தியா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பிப்ரவரியில படிச்சேனே அனெஸ்தி. நானே படிச்சேன். தெரிஞ்ச எந்த இனத்தோட பாத்தாலும் நூறு எழுத்துல நாலு வித்தியாசம் இருந்துச்சு. ஒண்ணே கால் இருந்தாலே புது இனம்."

"அது பொய்யில்லையே."

"பொய்யில்ல. ஆனா அது எதைத் தின்னும், எந்த உப்பைத் தாங்கும்னு நாம சோதிச்சது ஜூன்ல." அவள் விரல்களை எண்ணுவதுபோல் மடக்கினாள், நடுவில் விட்டுவிட்டாள். "கட்டுரையில தலை ஒருத்தருது, உடம்பு இன்னொருத்தருது. அப்படி ஒரு பிராணி உலகத்துலயே கிடையாது."

எங்கே மாறியது என்று பார்க்க வேண்டியிருந்தது. பாக்டீரியாவை ஒரே தட்டில் விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் பழைய தட்டிலிருந்து ஒரு பொட்டைக் கம்பி வளையத்தால் தொட்டு, புதிய தட்டிலிருக்கும் உணவுக் கூழில் கோடு இழுத்து மாற்ற வேண்டும். ஒரு பொட்டு என்பது ஒரே செல்லிலிருந்து பெருகிய குடும்பம் என்பதால், அப்படி மாற்றி மாற்றித்தான் கலப்பையும் களைவோம். சில மாற்றங்களுக்கு ஒருமுறை ஒரு குப்பி உறையவைத்து ஃப்ரீசரில் போடுவோம். இரண்டாம் மாற்றத்தின் குப்பி, ஆறாவது, பத்தாவது என்று இருந்தன. மூன்றையும் படித்தோம். இரண்டாவதில் புதியவன் நிறைய, பழையவன் கொஞ்சம். ஆறாவதில் தலைகீழ். பத்தாவதில் புதியவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான்.

குறிப்பேட்டில் முதல் மாற்றத்துக்கு எதிரே எவாந்தியாவின் எழுத்து. அதற்கப்புறம் இருபத்தி மூன்றுக்கும் ஒரே எழுத்து. என் எழுத்து.

திங்கள்கிழமை கோடு இழுப்பேன், வியாழக்கிழமை தட்டைத் திறப்பேன். பளபளவென்று மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். அதில் நன்கு உருண்டு, விளிம்பு சுத்தமாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிற ஒன்றைப் பார்ப்பேன். ஆறு வயதில் பீச்சுப் பெட்டிகளின் முன் உட்காரவைத்த கை இது. நல்லதை மேலே அடுக்கு, சொத்தையை ஒதுக்கு. யோசிக்க வேண்டியதே இல்லை, கை தானே போகும்.

"வாராவாரம் எதை எடுத்தே?" என்று கேட்டாள் எவாந்தியா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நல்லதா பாத்து எடுத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள்.

"நல்லதா பாத்து," என்றாள். அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்குக் கடற்கரை வழியாக நடந்தே போனேன். வடக்கிலிருந்து வீசும் வர்தாரிஸ் காற்று முகத்தில் அறைந்தது, அதுவும் பத்தாது என்று தோன்றியது. ஒரு பெண்ணின் எட்டு வருடத்தை நான் வாரம் ஒரு பொட்டாகக் கிள்ளித் தூர எறிந்திருந்தேன். அதுவும் கவனக்குறைவால் இல்லை, கவனமாக.

மறுநாள் மினாஸ் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். பதவிக்காலம் முடிந்ததும் தன் படகில் ஏறி ஒரு தீவுக்குப் போய்விடுவதாகப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் யோசனை எளிமையானது. கட்டுரை பத்திரிகையின் பரிசீலனையில் இருக்கிறது, கோப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அது பொய் இல்லை. கடிதம் யாருக்கு வந்தது? எவாந்தியாவுக்கு. குழுவுக்கு வரவில்லை. இருபதாம் தேதி முடியட்டும், இருபத்தொன்றாம் தேதி கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

"நாலு வாரம் வாயை மூடிக்கிட்டு இரு கண்ணு. நான் வேற ஒண்ணும் கேக்கல," என்றார்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நானும் தலையாட்டினேன். பெட்டியில் மேல் வரிசை நன்றாக இருந்தால் போதும் என்கிற ஊரில் வளர்ந்தவன் நான். அடி வரிசையை, வாங்குகிறவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். எவாந்தியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோசிப்பதாகச் சொல்லி எழுந்து போனாள்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் மாற்றத்தின் உறைந்த குப்பியிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, ஆறு தட்டுகளில் கோடு இழுத்தேன். நான்காம் நாள் பார்த்தேன். ஆறிலும் மஞ்சள்தான், பெரிய பெரிய பொட்டாக, வெட்கமே இல்லாமல் மின்னிக்கொண்டு. இடையில் வேறு எதுவும் இல்லை. வழக்கப்படி அவை அன்றே கிருமி கொல்லும் கொதிகலனுக்குப் போக வேண்டும். மறுவாரம் அக்டோபர் இருபத்தாறாம் தேதி ஊரின் காவல் புனிதர் திமித்ரியோஸ் நாள், இருபத்தெட்டு தேசிய விடுமுறை. நடுவில் வரும் ஒரு நாளையும் அந்த வாரத்தின் மிச்ச நாட்களையும் வேலை நாள் என்று எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை. விளிம்பைப் படலத்தால் சுற்றி, வளர்ப்புப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை வந்ததும், தூக்கிப் போடுவதற்காக முதல் தட்டை எடுத்தேன். பழக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினேன்.

பெரிய மஞ்சள் பொட்டைச் சுற்றி, வியர்வை அரும்பியதுபோல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிறமற்ற சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. குண்டூசி முனையளவுதான். பெரிய பொட்டுக்கு ஒரு நகக்கண் தூரம் வரை இருந்தன, அதற்கப்பால் ஒன்றுகூட இல்லை. அடுத்த தட்டை எடுத்தேன். அங்கேயும் அப்படியே. ஆறு தட்டிலும் அப்படியே. அவசரத்தில் ஒரு தட்டு நழுவி, மேசையில் விழுந்து, உடையாமல் தப்பியது.

எவாந்தியாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, தட்டை மூக்கருகே பிடித்தாள்.

"பிப்ரவரியில எனக்குக் காய்ச்சல்," என்றாள் மெதுவாக. "ரெண்டு வாரம் வரல. தட்டு அப்படியே கிடந்துச்சு. வந்து பாத்தப்பதான் ஒரு சின்னது தெரிஞ்சுது. அதைத்தான் எடுத்தேன்."

"நான் மூணாம் நாளே தூக்கிப் போட்டுட்டேன்."

"நீ மட்டும் இல்ல, உலகத்துல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. அதனாலதான் இதுக்கு இன்னும் பேரே இல்ல."

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு புள்ளியை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் தொட்டு எடுத்துப் புதிய கூழில் தனியாக வைத்தோம். நாள் ஆக ஆக ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எவாந்தியாவுக்கு உறைத்தது: பெரியதிலிருந்து விலகிய இடத்தில் இது எங்கேயும் முளைக்கவில்லை. இதற்குத் தேவையான ஏதோ ஒன்றை இதனால் சமைத்துக்கொள்ள முடியாது. பெரியது கசியவிடுவதைத் தின்றுதான் வாழ்கிறது. கூட்டாளி இல்லாமல் வளராத ஒன்றுக்குச் சட்டப்படி பெயரும் கிடையாது.

இனம் கையில் இருக்கிறது, பிடித்துக் காட்ட முடியவில்லை.

சந்தையில் சில கடைகள் உண்டு. தனியாகப் போட்டால் ஒரு ஈ வராது, மீன்கடைக்குப் பக்கத்தில் போட்டால் எலுமிச்சைக்காரன் வீடே கட்டிவிடுவான். அவனுக்கு மீன்காரன் வேண்டாம், மீன் வாங்க வருகிற கூட்டம்தான் வேண்டும். இதை நான் சும்மா புலம்பலாகத்தான் சொன்னேன். எவாந்தியா சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"மீன்காரனை வெளியே தள்ளிட்டுக் கூட்டத்தை மட்டும் வச்சுக்கலாம்."

பெரியதைக் குடுவையில் வளர்த்தோம். அந்தச் சாற்றை, எந்த செல்லும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தோம். மீன்காரன் வடிகட்டியில் தங்கிவிட்டான், அவன் கசியவிட்டது மட்டும் கீழே இறங்கியது. அதைக் கூழில் கலந்து தட்டு ஊற்றி, சின்னப் புள்ளியைக் கோடு இழுத்தோம். இந்த முறை வளையத்தைப் பிடித்தது நான்தான். அவளே என் கையில் கொடுத்தாள். இருப்பதிலேயே சின்னதாக, நோஞ்சானாக, என் அப்பா பார்த்தால் குப்பையில் வீசியிருக்கக்கூடிய ஒன்றைத் தேடி எடுத்தேன்.

ஒன்பதாம் நாள் தட்டு முழுக்க வியர்வைப் புள்ளிகள். மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. படிக்க அனுப்பினோம்.

முடிவு நவம்பர் இருபதாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு வந்தது. நூறில் நாலு வித்தியாசம். கலப்பு இல்லை. குழு பத்து மணிக்கு. காப்பகங்களுக்கு அனுப்பி, அவர்கள் வளர்த்துப் பார்த்துச் சான்று தர மூன்று மாதமாவது ஆகும். நாற்பத்தைந்து நிமிடம்தான் இருந்தது.

எவாந்தியா தட்டை ஒரு மூடிய டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்து, கூடவே வரச் சொன்னாள். மாடிப்படியில் மினாஸ் எதிரே வந்தார். டப்பாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

கூட்டம் பொதுவாகப் பார்வையாளர்களுக்குத் திறந்ததுதான், ஆனால் யாரும் வருவதில்லை. நான் கடைசி நாற்காலியில் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தேன். தலைமை தாங்கிய அம்மாள் வெள்ளை முடியும் கறுப்புக் கண்ணாடிச் சட்டமுமாக இருந்தார். எவாந்தியா எழுந்து, கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிப் போடும்படி கேட்டுக்கொண்டாள்.

"அந்தக் கட்டுரை தப்பு. நேத்து அதைத் திரும்ப வாங்கிட்டேன்," என்றாள்.

எனக்கே தெரியாது. மினாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். கடிதம், மூன்று குப்பிகள், தலையும் உடம்பும் எல்லாவற்றையும் சொன்னாள். தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். வாராவாரம் தவறான பொட்டை எடுத்தது யார் என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். டப்பாவோடு எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து பெரிய சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். எவாந்தியா மட்டும் திரும்பவில்லை.

"எடுத்தது யாருன்னு முக்கியமில்ல. அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதடவை மறுபடி படிச்சிருக்கணும். அது என் வேலை. அவசரத்துல நான் செய்யல." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் எழுந்திரிச்சது தட்டைக் காட்டறதுக்கு."

காட்டினேன். வேறு என்ன செய்ய. ஐந்து பேராசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தட்டை ஜன்னலுக்கு உயர்த்திப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்ததுபோல் தலையாட்டினார்கள். மூன்று மணி நேரம் உள்ளே பேசினார்கள். முடிவு என்னவென்றால், முடிவு இல்லை. இரண்டு காப்பகங்களின் சான்றும் வரும்வரை, மார்ச் மாதம் வரை, தள்ளிவைத்தார்கள். அதுவரை அவள் ஒப்பந்தத்தை நீட்ட ஒரு வழியும் எங்கிருந்தோ முளைத்தது. இனிமேல் கிடையவே கிடையாது என்று சொல்லியிருந்த வழி.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஏன் மினாஸ் சொன்னதைக் கேட்கவில்லை என்றேன்.

"ஒரு தடவை பேர் வச்சா எடுக்க முடியாது அனெஸ்தி. தப்புன்னு நிரூபிச்சாலும் பட்டியல்ல நூறு வருஷம் நிக்கும். இல்லாத பிராணிக்குப் பேர் வச்சவள்னு என் பேரும் கூடவே நிக்கும்."

சாறு செய்யும் முறையையும் எழுதிச் சேர்த்து, டிசம்பரில் குழாய்களை அனுப்பினோம். ஜப்பானியர்கள் பிப்ரவரியில் பதில் போட்டார்கள். ஜெர்மானியர்கள் மார்ச் மூன்றாம் தேதி, மறுபடியும் நாலே வரி: உயிரோடு இருக்கிறது, சுத்தம், புதியது, வாழ்த்துகள். பன்னிரண்டாம் தேதி குழு கூடி, நாலுக்கு ஒன்று என்று வேலையை அவளுக்குக் கொடுத்தது.

அன்று மதியம் அவள் என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். கட்டுரையின் முதல் பக்கம். ஆசிரியர் வரிசையில் என் பெயர் இல்லை. எனக்கு முகம் சுருங்கியது. கண்டுபிடித்தவர்கள் தங்கள் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அசிங்கம், அதனால் ஆசிரியர் வரிசையில் சேர்த்தால் தலைப்பில் சேர்க்க முடியாது, தலைப்பைப் படி என்றாள். படித்தேன். புதிய இனத்தின் பெயரில் என் குடும்பப் பெயர், கல்பாகிஸ், லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு நின்றது.

மாற்ற முடியாதா என்று கேட்டேன். முடியாது, அச்சுக்குப் போய்விட்டது என்றாள். "ஆறு வயசுலேர்ந்து சின்னதை ஒதுக்கின கை. அதுக்கு இந்தத் தண்டனைதான் சரி. இனிப்பு நீ வாங்கற. பேர் உன்னுதுதானே."

அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எனக்கு மூன்றும் பெண்கள். குடும்பப் பெயர் என்னோடு முடிகிறது என்று ஒவ்வொரு ஈஸ்டரிலும் ஆட்டுக்கறியின் முன் பெருமூச்சு விடுபவர் அவர். அந்தப் பக்கம் வெகுநேரம் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ ஆரஞ்சு விலை கேட்டார்கள், அப்பா பதில் சொல்லவில்லை. அப்படி நடந்து நான் கேட்டதே இல்லை.

"சாக்கடைப் பூச்சிக்கு," என்றார் கடைசியில்.

"ஆமா."

"எத்தனை வருஷம் இருக்கும் அந்தப் பேரு?"

"எடுக்கவே முடியாதாம்."

பெட்டியை இழுக்கும் சத்தம்.

"பாத்தா எப்படி இருக்கும்? பெருசா?"

"இல்லப்பா. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாத்தான் தெரியும். பக்கத்துக் கடை இல்லாம பிழைக்கவும் பிழைக்காது."

"அப்ப நம்ம ஆளுதான்," என்றார் அப்பா. பிறகு ஆரஞ்சு கேட்ட ஆளிடம் திரும்பி விலை சொன்னார். வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் சொன்னார்.